மீதிச் சரிவு

எங்கள் வீட்டு வாசற்படிக்கு மேலே, சுவரில் அடித்த இரண்டு கொக்கிகளில், ஆளுயரத்துக்கும் மேலான இரண்டு மரப் பலகைகள் கிடக்கின்றன. நான்கு விரல் அகலம் இருக்கும். முனை மட்டும் மேல்நோக்கி வளைந்திருக்கும். ஒவ்வொன்றிலும் நான்கு, ஆக எட்டு ஓட்டைகள். ஓட்டையின் விளிம்பெல்லாம் கருகிப் போயிருக்கும். வீட்டுக்கு முதல்முறை வருகிறவர்கள் காபியைக் கையில் வாங்குவதற்குள் கேட்டுவிடுவார்கள், இது என்ன, துடுப்பா, ஏர் சாமானா என்று. பனிச்சறுக்குப் பலகை என்று சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஜவ்வாது மலையில் மார்கழி விடிகாலையில் புல் நுனியில் வெள்ளையாகக் கொஞ்சம் உட்கார்ந்திருக்கும், வெயில் ஏறினால் அதுவும் போய்விடும். சறுக்குவதற்கு இங்கே என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்பது நியாயம்தான். நானும் அப்படித்தான் கேட்டேன்.

அவை என் மாமனாருடையவை. ஊருக்கு அவர் அவில்தார், எனக்கு மாமா. நான் மலைக்காரி இல்லை. சந்தவாசலில் பிறந்து, மேலே பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்து வந்து, அவர் மகனைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டவள். கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் வலது காலை எடுத்து வைத்த அன்றே நெற்றியில் ஏதோ இடித்தது. அண்ணாந்து பார்த்தால் இந்தப் பலகைகள். அப்போது வாசலுக்கு மேலே இல்லை, உள்ளே விட்டத்திலிருந்து கயிற்றில் குறுக்காகத் தொங்கின. ஒன்றின்மேல் மிளகாய்ப் பழம் காய்ந்துகொண்டிருந்தது, இன்னொன்றில் விதைக்கு எடுத்து வைத்த அவரைக் கொத்துகள். அத்தை, அதாவது என் மாமியார், என் நெற்றியைத் தடவிவிட்டு, "உம் மாமனாரோட மொதத் தாரம்மா இது. நான் ரெண்டாவதுதான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாமா மட்டும் சிரிக்காமல் மிளகாயைச் சற்றுத் தள்ளி வைத்தார், பலகையில் ஈரம் இறங்காமல் இருக்க.

பதினெட்டு வயதில் மலையிலிருந்து இறங்கி, ராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வேலூரில் போய் வரிசையில் நின்றவர் அவர். என்ன கணக்கில் அனுப்பினார்களோ, வெயிலில் புளி உலுக்கிக்கொண்டிருந்த பையனைக் கொண்டுபோய்க் காஷ்மீரில் பனிமலையில் விட்டார்கள். முதல் நாள் பலகையைக் காலில் கட்டியதும், நின்ற இடத்திலேயே பதினோரு தடவை விழுந்தாராம். பன்னிரண்டாவது தடவை விழவில்லை. "அதுக்கப்பறம் நான் தரையில நடந்ததே கம்மிமா" என்பார். குளிர்காலம் முழுக்க அவருடைய வேலை ஒன்றுதான். உயரத்தில் இருக்கும் காவல் முகாம்களில் அடிபட்டவர்களை, காய்ச்சலில் விழுந்தவர்களைச் சறுக்கு வண்டியில் கட்டிச் சரிவில் கீழே கொண்டுவந்து சேர்ப்பது. முன்னால் ஒருவர் பாதை பார்த்துப் போவார், பின்னால் இரண்டு பேர் கயிற்றை இழுத்துப் பிடித்து வேகத்தை அடக்குவார்கள். கிளம்பும்போது ஒரு தடவை ஆளை எண்ண வேண்டும், போய்ச் சேர்ந்ததும் இன்னொரு தடவை.

இந்த எண்ணுகிற பழக்கம் அவரை விட்டுப் போகவே இல்லை. கல்யாணப் பந்தியில் எண்ணுவார், பஸ்ஸில் எண்ணுவார், ஊர்க் கூட்டத்தில் எண்ணுவார். வீட்டில் நாங்கள் ஐந்து பேர் சாப்பிட உட்கார்ந்தாலும் கண்ணாலேயே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார். எங்கே போய்விடப் போகிறோம் மாமா, கதவு சாத்தியிருக்கிறதே என்று நான் கேலி செய்வேன். "ஒருத்தர் கொறஞ்சாலும் வந்து சேர்ந்ததாக் கணக்கு இல்லமா" என்பார். இந்தப் பேச்சை அவர் வாயிலிருந்து எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

ஓய்வு பெற்றபோது, பழசாகிக் கழித்துவிட்ட பலகைகளில் ஒரு ஜோடியை அவருடைய அதிகாரி, இது இவருக்கு என்று சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினாராம். மற்றவர்கள் டிரங்குப் பெட்டி, கம்பளி, ரம் பாட்டில் என்று ஊருக்குக் கொண்டுவருவார்கள். இவர் இந்தக் கட்டைகளோடு ரயில் மாறி ரயில் மாறிக் காட்பாடியில் வந்து இறங்கினார். ஒடுகத்தூர் பஸ்ஸில் உள்ளே ஏற்ற முடியாது, கூரைமேல் போடு என்று கண்டக்டர் சொல்ல, இவரும் கூரைமேல் ஏறிப் பலகைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். ஒடுகத்தூர் கடைத்தெருவில், வூடு கட்டப் போறீங்களா, நெலைக்கு இம்மா மெல்லிசு மரமா என்று விசாரித்தார்களாம். அங்கிருந்து தோளில் சுமந்து மலை ஏறினார். வருஷத்துக்கு ஒரு மாதம் மட்டும் பார்த்த புருஷன் ஒரேயடியாக வருகிறார் என்று அத்தை தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, இரண்டு பிள்ளைகளையும் இரண்டு பக்கம் நிறுத்தி வாசலில் நின்றிருந்தார். எங்களுக்கு இன்னா வாங்கிக்கினு வந்தீங்க என்று கேட்டதற்கு, இதத்தான் என்று பலகையைக் காட்டியிருக்கிறார். நல்லவேளை, அன்றைக்கு நான் இல்லை. நானாக இருந்தால் அந்தப் பலகையை அன்றே அடுப்பில் வைத்திருப்பேன்.

அதற்காக அவரைக் குடும்பப் பொறுப்பு இல்லாதவர் என்று யாராவது நினைத்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். வீட்டில் இல்லாத பதினேழு வருஷத்தையும் கடன் மாதிரி நினைத்துத் தீர்த்தவர் அவர். விடிந்ததும் அடுப்பு மூட்டி முதல் டம்ளர் டீயை அத்தை கையில் கொடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை. மகளுக்கு இரட்டைச் சடை பின்னி, ரிப்பன் கட்டி, பள்ளிக்கூடம் வரை கூடவே நடப்பார்; அந்தச் சடை அணிவகுப்புக்குப் போவது போல ஒரு முடி பிசகாமல் இருக்கும். எனக்குப் பிரசவமானபோது என் துணிகளைத் துவைக்கக் கை நீட்டினார். நான் வெட்கத்தில் வாளியைப் பிடித்துக்கொண்டேன். பனியில் ஆம்பிளைகளின் ரத்தத் துணி துவைத்த கை இது, இதற்கு என்ன வெட்கம் என்று வாளியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். சுனையிலிருந்து ஊருக்குக் குழாய் இழுத்தது அவர். ஜமுனாமரத்தூருக்குப் போனால் ஊரில் பாதிப் பேருடைய மனுக்கள் அவர் பையில் இருக்கும். அந்த மனுக்களின் அடியில் எப்போதும் இன்னொரு மனு இருக்கும், எங்கள் ஊருக்கு ரோடு போட்டுத் தரச் சொல்லி. அதை எழுதி எழுதி அவருக்குத் தமிழ்க் கையெழுத்தே திருந்திவிட்டது.

ஆனால் ஊருக்கு வந்த வருஷமே ஒரு தப்புச் செய்தார். இதை எனக்குச் சொன்னது அத்தை. தை மாதம், சாமை அறுத்து அடித்து முடிந்து, களத்தில் வைக்கோலைப் போர் போட்டிருந்தார்கள். சாமை வைக்கோலை மிதித்தவர்களுக்குத் தெரியும், வழவழவென்று காலை வாரிவிடும். அதையே பார்த்துக்கொண்டிருந்த மாமாவுக்குப் பொறி தட்டியிருக்கிறது. தன் பங்கு வைக்கோலை எல்லாம் வாரிக்கொண்டு போய், ஊருக்குக் கீழே இருக்கும் மொட்டைச் சரிவில் மேலிருந்து அடிவரை பரப்பினார். பலகையின் அடியில் தேன்மெழுகு தேய்த்தார். அத்தையைச் சரிவின் அடியில் போய் நிற்கச் சொன்னார். மிலிட்டரி பூட்ஸை மாட்டிப் பலகையில் பூட்டி, இரண்டு மூங்கில் கழியை ஊன்றிக் கிளம்பிவிட்டார். பாதிச் சரிவில் ஒரு கரும்பாறை உண்டு. அதுவரைதான் வந்தார். அங்கே ஊர் நாட்டாமை கையை விரித்துக்கொண்டு நின்றார், அவருக்குப் பின்னால் ஊரே நின்றது.

எங்கள் ஊரில் களத்துக்குள் செருப்புக் காலோடு யாரும் நுழைய மாட்டார்கள். கதிர் தாங்கிய தாள், மாட்டின் வாய்க்குப் போய்ச் சேரும் வரை அதன்மேல் செருப்புப் படக்கூடாது. மலையில் பிறந்த மூன்று வயதுக் குழந்தைக்கும் இது தெரியும். பதினேழு வருஷம் பூட்ஸைக் கழற்றாமலே தூங்கிப் பழகியவருக்கு மறந்துவிட்டது. கூட்டம் கூடித் தண்டம் போட்டார்கள். மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் பார்க்க விழுந்து கும்பிட வேண்டும், சரிவில் பரப்பிய வைக்கோலை ஒரு தாள் விடாமல் வெறுங்காலோடு பொறுக்க வேண்டும். மாமா, தப்பு தப்புதான் என்று விழுந்து கும்பிட்டார், பிறகு குனிந்து பொறுக்கினார். அவமானத்தில் முகம் சிவந்த அத்தையும் கூடவே பொறுக்கினார். அதில் இன்னொரு கொடுமை என்னவென்றால், அடியில் நின்ற அத்தை அன்றைக்கு எதையுமே பார்க்கவில்லை. பாறை மறைத்துவிட்டது. சர்ரென்று ஒரு சத்தம் மட்டும் கேட்டதாம், அப்புறம் கூச்சல்.

அத்தை அதைப் பல வருஷம் மன்னிக்கவில்லை. வழுக்கறதுக்கு சர்க்காரு சம்பளம் குடுத்துச்சாம், நம்பறீங்களா என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் கேட்பார். பலகை மிளகாய் காயவைக்கும் கொடியானது அப்படித்தான். மாமா வருஷா வருஷம் தை பிறந்ததும் மிளகாயை எடுத்துவிட்டு, பலகையை இறக்கித் துடைத்து, அடியில் தேன்மெழுகு தேய்த்து, மறுபடி தொங்கவிடுவார். மிளகாயையும் அவரே திருப்பிப் பரப்பிவிடுவார். எதற்கு மாமா இந்த வேலை, எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்று ஒரு தடவை கேட்டேன். தேய்ப்பதை நிறுத்தாமலே சொன்னார்: "உங்க அத்த ஒரு வாட்டி பாக்கணும்மா. நான் பொய் சொல்லலன்னு அவளுக்குத் தெரியணும். அவ்ளோதான்." அதற்குப் பிறகு நான் அந்தப் பலகையைக் கேலி செய்வதை நிறுத்திவிட்டேன். அத்தையைக் கேலி செய்ய ஆரம்பித்தேன்.

எங்கள் ஊருக்கு அப்போது ரோடு இல்லை. தார் ரோடு மலையின் இடுப்பிலேயே முடிந்துவிடும், நூற்றெட்டு வண்டியும் அதுவரைதான் வரும். உடம்புக்கு முடியாதவர்களை டோலி கட்டித்தான் இறக்க வேண்டும். மூங்கிலில் போர்வையைத் தொட்டில் மாதிரி கட்டி, நாலு பேர் தூக்க, நாலு பேர் மாற்றுத் தோள் கொடுக்க, சுற்றுப்பாதையில் மூன்று மணி நேரம் நடக்க வேண்டும். எட்டுத் தோள் இருந்தால்தான் டோலி. என் மாமனார் எண்ணிக்கொண்டே இருந்தவர் இல்லையா, முதலில் அவருக்குத்தான் அது பட்டது. பையன்கள் கேரளாவுக்கும் கர்நாடகத்துக்கும் காபித் தோட்ட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். போனவர்கள் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும்தான் வந்தார்கள். ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது மாமா சொன்னார், ஊரில் இன்றைக்குத் தேறுவது ஆறு தோள்தான் என்று. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அத்தை, கொழம்பு ஊத்திக்கோங்க என்றார்.

அந்த மாசியில் அது எங்கள் தலையிலேயே வந்து விடிந்தது. புளி உலுக்கும் காலம். என் வீட்டுக்காரரும் இன்னும் நாலைந்து ஆண்களும் புளி மூட்டைகளோடு செங்கம் சந்தைக்குப் போயிருந்தார்கள். காலை பத்து மணி இருக்கும். வீட்டு வாசலுக்கு எதிரே மரத்தடியில் புளி பொறுக்கிக்கொண்டிருந்த அத்தை பாறையில் கால் வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு முறிந்துவிட்டது என்பது யாரும் சொல்லாமலே தெரிந்தது, கால் அப்படித் திரும்பிக் கிடந்தது. முகமெல்லாம் வேர்த்து, உதடு வெளுத்துப் போயிற்று. மாமா பக்கத்தில் உட்கார்ந்து நாடியைப் பிடித்துப் பார்த்தார். காலின் இரண்டு பக்கமும் மூங்கில் வைத்துத் துணியால் கட்டினார். எழுந்து ஊரைச் சுற்றி ஒரு தடவை பார்த்தார். என்ன எண்ணுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு ஊரில் இருந்தது மூன்றே தோள், அதில் ஒன்று அவருடையது.

நேராக வீட்டுக்குள் போய்ப் பலகைகளைக் கீழே இறக்கி வாசலுக்குக் கொண்டுவந்தார். கயிற்றுக் கட்டிலைக் கவிழ்த்துக் கால்களை அறுத்தார். என்ன செய்யப் போகிறார் என்பது அத்தைக்குப் புரிந்துவிட்டது. அந்த வலியிலும், செத்தாலும் நான் அதுல ஏற மாட்டேன், ஊரு சிரிக்கும் என்றார். மாமா அடுப்பில் இரும்புக் கம்பியை வைத்துப் பழுக்கக் காய்ச்சினார். முப்பது வருஷத்துக்குப் பக்கமாக ஒரு கீறல் விழாமல் மெழுகு தேய்த்துக் காப்பாற்றிய பலகையில், கட்டிலின் அடியில் ஆணி வைத்துப் பூட்டுவதற்காக, ஆணித் தலை தரையில் தட்டாமல் உள்ளே புதைகிற மாதிரி அளந்து, கம்பியை இறக்கினார். மரம் பொரிந்து புகை வந்தது. மெழுகு உருகி வாசனை வந்தது. ஒவ்வொரு ஓட்டைக்கும் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் அத்தை பார்த்துக்கொண்டே இருந்தார். எட்டாவது ஓட்டை விழுந்தபோது, "போதும். ஏத்துங்க" என்றார்.

மாமா முன்னால் நின்றார். பின்கயிற்றை ஒரு பக்கம் நானும் எதிர்வீட்டு அக்காவும், மறுபக்கம் இன்னும் இரண்டு பெண்களும் பிடித்தோம். ஊரிலிருந்த மற்ற இரண்டு ஆண்களும் பக்கவாட்டில் கட்டிலைத் தாங்கி வந்தார்கள். சுற்றுப்பாதை வேண்டாம், மொட்டைச் சரிவில் நேராக இறங்குகிறோம் என்றார் மாமா. மாசிப் புல் காய்ந்து பளபளவென்று கிடந்தது. அவர் எங்களுக்கு இரண்டே இந்தி வார்த்தை சொல்லிக் கொடுத்தார்: சோடோ என்றால் கயிற்றை விட வேண்டும், ரோக்கோ என்றால் குதிகாலை ஊன்றி இழுத்துப் பிடிக்க வேண்டும். தமிழில் சொன்னால் என்ன கேடு என்று அப்போதும் எனக்கு வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர் குரல் அன்றைக்கு எங்கள் மாமாவின் குரலாகவே இல்லை. சோடோ, சோடோ, ரோக்கோ. கட்டில் வழுக்கிப் போயிற்று, நின்றது, மறுபடி போயிற்று. கரும்பாறைக்குப் பக்கத்தில் எங்கள் பக்கக் கயிறு கையை அறுத்துக்கொண்டு ஓடியது. ரோக்கோ என்று அவர் கத்தி, முதுகைத் திருப்பிக் கட்டிலைத் தன்மேல் தாங்கினார். அவர் பாதம் புல்லில் இரண்டு கோடு போட்டுக்கொண்டே போய் நின்றது. கீழே இறங்கி, ஓடையோரம் சமதரையில் எல்லோருமாக இழுத்துத் தார் ரோட்டைத் தொட்டபோது ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. கிளம்பும்போதே போனில் சொல்லியிருந்த நூற்றெட்டு வண்டி வந்து நின்றிருந்தது. மாமா எங்களை எண்ணினார், தன்னையும் சேர்த்து ஏழு பேரும், கட்டிலில் ஒருத்தரும். பிறகு அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். வண்டியில் ஏற்றும்போது அத்தை என்னைப் பார்த்துச் சொன்னது இதைத்தான்: கட்டில அங்கியே வுட்டுட்டுப் போய்டாதீங்க, நாளைக்கு யாருக்காவது வேணும்.

சொன்னது பலித்தது. அடுத்த ஆறு வருஷம் அந்தக் கட்டில்தான் எங்கள் ஊரின் வண்டி. பிரசவத்துக்குப் போனவர்கள், பாம்பு கடித்தவர், கிணற்றில் விழுந்து கையை முறித்துக்கொண்டவர் என்று அதில் இறங்காத வீடு இல்லை. எட்டுத் தோள் தேடி யாரும் அலையவில்லை. கயிறு பிடித்ததெல்லாம் பெரும்பாலும் பெண்கள்தான். சோடோவும் ரோக்கோவும் எங்கள் ஊரில் ஆட்டுக்குட்டியைக்கூட அதட்டுகிற வார்த்தைகளாகிவிட்டன. மாமா உள்சுவரில் கரியால் ஒரு கோடு போடுவார், இறங்கிப் போனவர் வீடு திரும்பியதும் அதன்மேல் குறுக்கே இன்னொரு கோடு போடுவார். ஒரே ஒரு கோட்டுக்குக் குறுக்குக் கோடு விழவில்லை, மேலத்தெருப் பெரியவர் ஒருவர் வயோதிகத்தால் ஆஸ்பத்திரியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். வெள்ளை அடித்தபோதும் அந்தச் சுவரை மட்டும் அடிக்க விடவில்லை மாமா. அத்தை தாங்கித் தாங்கி நடக்க ஆரம்பித்தார், மொதத் தாரம் என்ற பேச்சு மட்டும் அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து வரவே இல்லை.

பிறகு ரோடு வந்தது. எத்தனையாவது மனுவுக்கு வந்ததோ தெரியாது, வந்தது. பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் தார் எங்கள் கோயில் வாசலைத் தொட்டது. கேரளாவிலிருந்து பையன்கள் எல்லோரும் ஊருக்கு வந்திருந்தார்கள். அன்று மாலை கோயில் முன் கூடிய ஊர்க் கூட்டத்தில், எண்பதைத் தாண்டிய அதே நாட்டாமை கோலை ஊன்றிக்கொண்டு எழுந்தார். ரோடு வந்துவிட்டது, இனிமேல் கட்டிலிலிருந்து அந்தப் பலகையைக் கழற்றி அவில்தார் வீட்டில் கொடுத்துவிடலாம் என்றார். எல்லோரும் சரி என்றார்கள். அவர் உட்காரவில்லை. மாமா பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "அன்னிக்கு உன்னப் பாதியில நிறுத்திட்டோம்ப்பா. மீதியப் போய்ட்டு வா. வைக்கோல் ஊரு குடுக்குது."

நான் மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். எந்தச் சாவிலும் அழாத மனிதர், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பினார். வெட்கப்படாமல் நானும் அழுதேன்.

மாட்டுப் பொங்கல் அன்று காலை, வீட்டுக்கு ஒரு கட்டு வைக்கோல் வந்தது. மாடு இல்லாத வீடுகள்கூடப் பக்கத்து வீட்டில் வாங்கிக்கொண்டு வந்தன. அந்த வைக்கோலில் யாருடைய பூட்ஸ் படக்கூடாதென்று ஊரே கூடித் தண்டம் போட்டதோ, அந்த ஊரே வெறுங்காலோடு சரிவில் ஏறி, அவருக்காக அதை விரித்தது. மாமாவுக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. முழங்காலில் வலி வேறு. மகன் தடுத்துப் பார்த்தார், மகள் மன்றாடிப் பார்த்தாள். மாமா காதில் வாங்கவில்லை. புதிதாக மெழுகு தேய்த்த பலகைகளைத் தோளில் போட்டுக்கொண்டு உச்சிக்குப் போவார் என்று எல்லோரும் பார்த்தால், கரும்பாறை வரைக்கும் ஏறி அங்கேயே நின்றுவிட்டார். மேலே போங்க தாத்தா என்று பையன்கள் கத்தினார்கள். மேல்பாதி அப்பவே முடிஞ்சிபோச்சி என்றார். அந்தப் பூட்ஸை எடுத்துக்கொண்டு போயிருந்த என் வீட்டுக்காரரிடம் அதை வாங்கவே இல்லை. செருப்பில்லாத பாதங்களைப் பலகைமேல் வைத்து, டியூப் ரப்பரால் சுற்றிச் சுற்றிக் கட்டிக்கொண்டார். அதைப் பார்த்த நாட்டாமை தலைக்கு மேல் கை கூப்பினார்.

அத்தை சரிவின் அடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பாறை மறைக்காத இடமாகப் பார்த்து நானே போட்டேன். புடவை முந்தானையை இழுத்துப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார். விழுந்துட்டா இன்னாடி செய்யறது என்று என் கையைப் பிடித்தார். விழ மாட்டார் அத்தை என்றேன், எனக்கும் தெரியாது.

மூங்கில் கழி இரண்டையும் ஊன்றினார். உந்தினார். முதலில் மெதுவாகத்தான் வந்தார், கிழவர் வருகிற மாதிரியே. பிறகு முழங்கால் மடிந்தது, உடம்பு தாழ்ந்தது. அதற்குப் பிறகு வந்தவர் எங்கள் வீட்டில் டீ போடுகிற மனிதர் இல்லை. இடது பக்கம் சாய்ந்து ஒரு வளைவு, வலது பக்கம் சாய்ந்து ஒரு வளைவு, வைக்கோல் இரண்டு பக்கமும் பீய்ச்சிக்கொண்டு பறந்தது. சர்ரென்று அந்தச் சத்தம், அத்தை முப்பது வருஷத்துக்கு முன் பாறைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்ட அதே சத்தம். அவர் நேராக எங்களைப் பார்த்து வந்தார். நாற்காலியை இழுக்கலாமா என்று நான் குனிவதற்குள், இரண்டு பலகையையும் ஒருசேரப் பக்கவாட்டில் திருப்பி, அத்தைக்கு முன்னால் ஒரு முழம் தள்ளி நின்றுவிட்டார். அத்தை தலையெல்லாம் வைக்கோல்.

ஊர் கத்தியது அப்புறம்தான். பையன்கள் மேலே கீழே ஓடினார்கள். மாமாவுக்கு மூச்சு வாங்கியது. கழியில் சாய்ந்தபடி அத்தை முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அத்தை தலையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். இன்னொன்றை எடுத்தார். சரிவையும், ரோட்டையும், கூடி நின்ற ஊரையும் பார்த்தார்.

"எண்ணிக்கோங்க" என்றார். "எல்லாரும் கீறோம்."

மாமா போய் இப்போது இரண்டு வருஷம் ஆகிறது. தூக்கத்திலேயே போய்விட்டார். கேட்டவுடன் வந்து சேர்ந்த பையன்கள் மாற்றி மாற்றித் தோள் கொடுத்தார்கள், எத்தனை தோள் என்று எண்ணத்தான் ஆள் இல்லை. இன்றைக்கு நூற்றெட்டு வண்டி எங்கள் வாசலிலேயே வந்து திரும்புகிறது. கயிறு பிடிக்கத் தெரிந்த கடைசிப் பெண்களில் ஒருத்தியாகிப்போன எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. நேற்றுத் தை முதல் நாள். என் வீட்டுக்காரர் பலகைகளை இறக்கிக் கொடுக்க, அத்தை காலை நீட்டி உட்கார்ந்து தேன்மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார். மெழுகு ஓட்டைகளில் இறங்கி அடைத்துக்கொண்டது. இந்த ஓட்டைகளைத்தான் மரத்தூள் வைத்து அடைத்துவிட்டால் என்ன, பார்க்க நன்றாக இருக்குமே என்றார் என் வீட்டுக்காரர். அத்தை கொண்டையிலிருந்து ஊசியை உருவி, ஒவ்வொரு ஓட்டையிலும் இறங்கிய மெழுகைத் தோண்டி எடுத்தார். எட்டும் சுத்தமான பிறகு ஒரு பலகையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அடைக்காதடா" என்றார். "நான் வந்த வழி அது."